ஆங்கிலர் காத்ததும் தமிழர் இழப்பதும்

தனித்தமிழை எதிர்ப்பார் கையிலெடுக்கும் படைக்கலங்களுள் தலையாயது ஒன்றுண்டு. "ஆங்கிலத்தைப் பாருங்கள், கண்ட மொழிகளினின்றெல்லாம் கடன் வாங்கியே அஃது உலகை ஆள்கின்றது, தமிழ் மட்டும் ஏன் கதவடைத்துக் கொள்ள வேண்டும்?" என்பதே அது. மேடைதோறும் ஒலித்தும் தாளிகைதோறும் அச்சேறியும் இக்கூற்று மெய்போல் நடமாடுகின்றது. ஆங்கில அகரமுதலியின் பருமனை மட்டும் கண்டு மலைத்தவர் கூற்று இது. ஆங்கிலர் தம் வீட்டிலும் வயலிலும் கடைத்தெருவிலும் வழங்கும் வினைச்சொற்களை உற்று நோக்கியவர் இங்ஙனம் கூறார்.

ஆங்கிலத்திற் கூட்டுவினை என ஒருவகை உண்டு. 'கிவ்' என்றால் கொடு. 'அப்' என்றால் மேல். இரண்டும் கூடி, 'கிவ் அப்' என நின்றால் கைவிடு என்று பொருள். 'புட்' என்றால் வை. அதனோடு 'ஆப்' சேரின் ஒத்திவை. 'அவுட்' சேரின் அணை. 'அப் வித்' என இரண்டு சேரின் பொறுத்துக்கொள். உறுப்புகளின் பொருளைக் கூட்டிப் பார்த்தால் முழுமையின் பொருள் கிட்டாது. அயலார் இடர்ப்படுவது இங்கேதான். 1755-இல் தம் அகரமுதலியை வெளியிட்ட சாமுவேல் சான்சன், இவ்வகை வினைகள் அயலார்க்குப் பேரிடர் விளைப்பன என்பதை அதன் முன்னுரையிலேயே குறித்து, அவற்றை மிகுந்த கருத்தோடு தொகுத்ததாகவும் எழுதினார். இவ்வினைகளுக்கு இன்று வழங்கும் ஆங்கில இலக்கணப் பெயர் 1925-இல் வந்த லோகன் பியர்சால் சுமித்தின் நூலாலேயே பரவியது. பெயர் பிந்தியது, வழக்கோ பழையது.

இவற்றின் உறுப்புகள் எங்கிருந்து வந்தன என்பதே இங்கு எண்ணத் தக்கது. கம், கோ, கிவ், புட், செட் என்னும் வினைகளும், அப், அவுட், ஆப், ஆன், இன் என்னும் ஒட்டுகளும் ஆங்கிலரின் முன்னோர் பேசிய செருமானியக் கிளைமொழியின் பழஞ்சொற்கள். கெட், டேக் போல்வன நார்சு மொழியினின்று வந்தவை. அதுவும் உடன்பிறப்பு மொழியே. டர்ன், கேரி, பாசு எனப் பிரெஞ்சு வழிவந்த வினைகள் சில இடையே புகுந்ததுண்டு. எனினும் பெரும்பான்மை வினைகளும், ஒட்டுகள் ஏறத்தாழ அனைத்தும், ஆங்கிலத்தின் பழமுதலே.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அரண்மனையும் வழக்குமன்றமும் பிரெஞ்சு பேசின; கோவிலும் கல்விச்சாலையும் இலத்தீன் பேசின. மக்களுக்குப் பிரெஞ்சு விளங்காமையால் வழக்குகளை ஆங்கிலத்திலேயே எடுத்துரைக்க வேண்டுமென 1362-இற் சட்டம் செய்ய நேர்ந்தது. அந்நெடுங்காலத்தில் அயற்பெயர்ச் சொற்கள் வெள்ளமெனப் புகுந்தன, வினைச்சொற்களும் புகுந்தன. ஆயினும் உழுதவனும் தச்சனும் அடுப்பூதியவளும் தம் சிறுவினைகளைக் கைவிட்டாரல்லர். புதுப்பொருள் தேவைப்பட்டபோது ஒட்டுகளை மாற்றிக் கூட்டிப் புதுவினை ஆக்கிக் கொண்டனர்.

அதனாலேயே இன்றும் ஆங்கிலத்தில் ஒரே பொருளுக்கு இருவகைச் சொற்கள் நிற்கின்றன. ஒத்திவைத்தற்கு 'போசுட்போன்' என்பது அலுவலக மடலுக்கு; 'புட் ஆப்' என்பது வாய்க்கு. தீயை அணைத்தற்கு 'எக்சுடிங்குவிசு' என்பது அறிவிப்புப் பலகைக்கு. 'புட் அவுட்' என்பது வீட்டிற்கு. மெழுகுதிரியை அணைக்கச் சொல்லும் ஆங்கிலத் தாய் தன் பிள்ளையிடம் இலத்தீன் பேசுவதில்லை. கடன் வாங்கியது மெய். ஆனால் கடன் பொருளைக் கூடத்தில் வைத்தவர், அடுக்களையை விட்டுக் கொடுக்கவில்லை.

ஆங்கிலத்திலும் தூய்மை வேண்டியோர் இருந்தனர். 16-ஆம் நூற்றாண்டினரான சான் சீக்கு, ஆங்கிலம் கலப்பின்றி எழுதப்பட வேண்டுமென 1557-இல் மடல் வரைந்தார். வில்லியம் பார்ன்சு (1801–1886) என்னும் பாவலர், அயற்சொற்களுக்கு ஈடான ஆங்கில வேர்ச்சொற்களை வாழ்நாளெல்லாம் ஆக்கினார். அவர்தம் ஆக்கங்களுட் பல நிலைபெறாமற் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் வேண்டியதை ஏட்டறியா மக்கள் தம் வினைச்சொற்களில் முன்னரே செய்து முடித்திருந்தனர்.

இனித் தமிழைப் பார்க்க. பெயரோடும் வினையோடும் வினை கூட்டிப் புதுப்பொருள் படைக்கும் ஆற்றலில் தமிழ் எம்மொழிக்கும் இளைத்ததன்று. கைவிடு, மேற்கொள், கடைப்பிடி, விட்டுக்கொடு, கண்டுபிடி, ஒத்துப்போ, தள்ளிப்போடு எனப் பெருகும் வரிசைக்கு முடிவில்லை. திருக்குறளின் துறவு அதிகாரத்தில் ஒரே குறளுள் தலைப்படுதலும் வலைப்படுதலும் எதிரெதிரே நிற்கின்றன. 'படு' என்னும் ஒரே வினை வீடடைந்தாரையும் வீழ்ந்தாரையும் பிரித்துக் காட்டிவிடுகின்றது.

அன்றாடப் பேச்சிலோ இவ்வாற்றல் இன்னும் நுண்ணியது. செய்துவிடு என்பது முடிவைக் குறிக்கும். செய்துகொள் என்பது தன்னலத்தை. செய்துகொடு என்பது பிறர்நலத்தை. செய்துவை என்பது பின்வருவதற்கான ஏற்பாட்டை. செய்துபார் என்பது தேர்வை. செய்துகாட்டு என்பது மெய்ப்பிப்பை. செய்துதொலை என்பது சொல்வோன் சலிப்பை. பள்ளி வாயிலை மிதியாத பாட்டியும் இவற்றுள் ஒன்றையேனும் இடமாற்றிச் சொல்லாள்.

இத்துணை வளமுடையார் இன்று செய்வது யாது? விளக்கை 'ஆன் பண்ணு', 'ஆப் பண்ணு' என்கின்றனர். ஆங்கிலன் 'சுவிட்ச் ஆன்' என வினையும் ஒட்டும் சேர்த்தே சொன்னான். தமிழன் வினையை விட்டுவிட்டு வாலை மட்டும் பிடித்துக்கொண்டான்! விளக்கைப் போடு, விளக்கை அணை என்னும் சொற்கள் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் இன்னும் உயிரோடு இருக்கும்போதே இந்நிலை. நிலையத்தில் 'பிக்கப் பண்ணி' வீட்டில் 'டிராப் பண்ணுகின்றனர்'. அழைத்துவந்து கொண்டுவிடுவார் அருகிவிட்டனர். படிவத்தை நிரப்பாமல் 'பில்லப் பண்ணுகின்றனர்'. கணினியுள் நுழையாமல் 'லாகின் பண்ணி', வெளியேறாமல் 'லாகவுட் பண்ணுகின்றனர்'. ஒத்துவராதது 'ஒர்க்கவுட் ஆகவில்லை' என்றாயிற்று.

ஆங்கிலமாவது செம்மையாக வருகின்றதா எனின், அதுவும் இல்லை. தாக்குப்பிடித்தலைக் குறிக்கும் 'கோப் வித்' என்னும் வினைக்கு நடுவே வேண்டாத 'அப்' ஒன்றைச் செருகிப் பட்டம் பெற்றோரும் எழுதுகின்றனர். கல்லூரிப் படிப்பை முடித்ததைப் 'பாசவுட்' என எழுதி வேலை வேண்டுகின்றனர் இளைஞர். படைப்பயிற்சி முடித்து வெளியேறுவோரைக் குறிக்குமிடத்தன்றி, ஆங்கிலர் பொதுவழக்கில் அச்சொல்லுக்கு மயங்கி விழுதல் என்பதே பொருள். இன்ன ஆண்டில், இன்ன கல்லூரியில் மயங்கி விழுந்தேன் எனத் தம் தகுதியைத் தாமே எழுதிக்கொடுக்கும் இரங்கத்தக்க நிலையிது. நகைத்தற்குரியது அவ்விளைஞர் அறியாமையன்று. தாய்மொழி வினையை நாணிப் பிறமொழி வினையை நெட்டுருச் செய்விக்கும் கல்விமுறையே நகைத்தற்குரியது.

'இரண்டொரு சொல் கலந்தால் என்ன குறை?' எனக் கேட்பாருண்டு. அயற்பெயர் ஒன்று புகின் ஒரு பெயர் கெடும். அதனை மீட்டல் எளிது. அயல்வினை புகின் வினையாக்கும் உறுப்பே கெடும். பண்ணு என்பது நற்றமிழ்ச் சொல்லே. ஆனால் பிறமொழிச் சுமையைத் தூக்கும் கூலியாக அதனை ஆக்கியபின், அணை, நிரப்பு, நுழை, ஏற்று, இறக்கு என நூறு வினைகள் வேலையிழக்கின்றன. எல்லாவற்றையும் 'பண்ணியே' வளரும் குழவிக்கு, விட்டுக்கொடுத்தலுக்கும் விட்டுவிடுதலுக்கும் இடையுள்ள வேற்றுமையை யார் கற்பிப்பார்? வினை நுட்பம் மங்கிய நாவில் எண்ண நுட்பமும் மங்கும்.

ஆகவே ஆங்கிலத்தைப் பின்பற்றச் சொல்வார் உரையைத் தமிழர் ஏற்கலாம். ஆனால் முழுமையாக ஏற்கவேண்டும். ஆங்கிலர் அடிமைப்பட்ட காலத்தும் தம் சிறுவினைகளைப் போற்றினர். தமிழர் தம்மைத் தாமே ஆளும் காலத்தில் தம் வினைகளைத் தொலைக்கின்றனர். ஆங்கிலர் தம் முதலைக் கொண்டு புதியன படைத்தனர். தமிழர் அவர் படைத்ததைக் கூலியாள் வைத்துச் சுமக்கின்றனர். பின்பற்றத் தக்கது எது என்பது வெளிப்படை.

இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. இன்றிரவு விளக்கணைக்கும் பொழுதிலேயே தொடங்கலாம். ஒரு வீட்டில் ஒரு தாய், 'விளக்கை அணைத்துவிடு' என்று தன் மகவிடம் சொல்வாளாயின், அவ்வீட்டில் ஒரு வினைச்சொல் இன்னுமொரு தலைமுறைக்கு வாழும்.