வெள்ளிப் பூணிட்ட கூஜா

 

கழுகுமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார். அவர் மகளின் நிக்காஹுக்கு, குடும்பத்தின் நெடுநாள் நண்பரான இந்துப் பெரியவர் ஒருவர் தம் வீட்டுப் பழைய கூஜாவை அன்பளிப்பாகத் தந்திருக்கிறார். உடல் பட்டை தீட்டிய கண்ணாடி. கழுத்து, மூடி, கைப்பிடி மூன்றும் வெள்ளி. ‘வெள்ளிப் பாத்திரம் ஆகாது, திருப்பிக் கொடு’ என்கிறார்களாம் உறவினர். திருப்பினால் அவர் மனம் நோகுமே என்பது சகோதரியின் கவலை.

பிற சமயத்தார் தரும் அன்பளிப்பை ஏற்பதில் தவறில்லை. ஹிஜ்ரி 9இல் தபூக் பயணத்தின்போது ஐலாவின் அரசர் அளித்த வெள்ளைக் கோவேறு கழுதையை நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்; அவருக்கு மேலாடையும் அளித்தார்கள். ஆகவே திருப்ப வேண்டியதில்லை.

ஆனால் ஏற்பது வேறு, புழங்குவது வேறு. பொன், வெள்ளிப் பாத்திரங்களில் உண்பதையும் பருகுவதையும் நபியவர்கள் தடுத்தார்கள். மதாயினில் வெள்ளிப் பாத்திரத்தில் வந்த நீரை ஹுதைபா (ரலி) அவர்கள் பருக மறுத்தார்கள். அதே சமயம், நபியவர்களின் உடைந்த கிண்ணம் வெள்ளியால் பிணைக்கப்பட்டதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். எனவே தேவைக்கான சிறிதளவு வெள்ளி வேறு, அழகுக்கான பெரிய வேலைப்பாடு வேறு என்பது ஷாபிஈ மத்ஹபு, பின்னது கூடாது. வெள்ளியுள்ள இடத்தைத் தவிர்த்துப் பருகலாம் என்பது இமாம் அபூஹனீபா அவர்களின் கருத்து. இந்தக் கூஜாவிலோ பிடிக்கும் பிடியே வெள்ளி!

முதலில் அது வெள்ளிதானா என்று பாருங்கள். இங்கிலாந்தில் செய்த பொருளில் நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால், 1000 பங்கில் 925 பங்கு வெள்ளி. ‘ஈ.பி.என்.எஸ்.’ என்றிருந்தால் செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவையின்மேல் பூசிய முலாம்தான். முலாமின் சட்டம் வேறு. உங்கள் ஆலிமிடம் கேளுங்கள்.

அசல் வெள்ளியானால், கைதேர்ந்த பத்தரிடம் கொடுத்துப் பூணைக் கழற்றிப் பித்தளையில் மாற்றலாம். பழம்பொருள் வியாபாரியின் கணக்கில் விலை குறையும். ஆனால் பொருள் வீட்டில் புழங்கும். கழற்றிய வெள்ளி மணமகளின் உடைமை. அதை மட்டும் நிறுத்து ஜகாத் கணக்கில் சேருங்கள். கண்ணாடி எடை சேராது. வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம். 595 கிராம் என்பர், நம் நாட்டு ஹனபி ஆலிம்கள் 612 கிராம் என்பர். கடமையானால் நாற்பதில் ஒரு பங்கு.

இன்னொன்று: பழைய பட்டைக் கண்ணாடியில் பெரும்பாலும் ஈயம் கலந்திருக்கும். எலுமிச்சைச் சர்பத்தை அதில் ஊற்றி வைத்திருக்காதீர்கள். ஈயம் பானத்தில் இறங்கும். கொதிநீரும் ஊற்றாதீர்கள்.

இதையெல்லாம் மறைவாகச் செய்யாமல், கொடுத்தவரிடம் முன்கூட்டியே காரணத்தைப் பணிவுடன் சொல்லுங்கள். பின்னர் அவரைக் குடும்பத்தோடு விருந்துக்கு அழைத்து, அதே கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுங்கள். மார்க்கமும் பேணப்படும், நட்பும் நிலைக்கும், இன்ஷா அல்லாஹ்.