தஃப் கூடும் என்றால், திருட்டும் கூடுமா?



இசை கூடுமா கூடாதா என்ற விவாதம் நம் சமுதாயத்தில் ஒருநாளும் ஓய்ந்ததில்லை. ரபீஉல் அவ்வல் பிறந்தால் அது மீண்டும் கிளம்பும்; நிகாஹ் காலம் வந்தால் இன்னும் உரக்கக் கேட்கும். இரு தரப்பாரும் கிதாபுகளைப் புரட்டுகிறார்கள், ஒருவரையொருவர் குற்றம் சாட்டுகிறார்கள். ஆனால் இந்தச் சத்தத்துக்கு நடுவே, எல்லா மத்ஹபுகளும் ஒருமித்து ஹராம் என்று தீர்ப்பளித்த ஒரு செயல் நம் இளைஞர்களின் கணினிகளில் அன்றாடம் நடந்துகொண்டிருக்கிறது. அதை எவரும் கேள்வி கேட்பதில்லை. பிறர் உழைப்பை அவருடைய இசைவின்றி எடுத்துப் பயன்படுத்துவதே அது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

இன்று 'இஸ்லாமிய கீதம்' என்ற பெயரில் வெளிவரும் பாடல்களில் கணிசமானவை எவ்வாறு உருவாகின்றன என்பதைப் பெற்றோரும் ஜமாஅத் நிர்வாகிகளும் அறிந்திருக்க வேண்டும். பாடுபவர் ஒருவர். தாளம் வாசிப்பவர் எவரும் இல்லை. உலகின் ஏதோ ஒரு மூலையில் ஒருவர் தஃபையோ தர்புகாவையோ சில வினாடிகள் வாசித்திருப்பார். அந்த ஒலிப்பதிவை இரண்டு அல்லது நான்கு தாள வட்டங்களாக வெட்டி, முடிவும் தொடக்கமும் பிசிறின்றி இணையுமாறு செய்வார்கள். இதற்கு 'லூப்' என்று பெயர். மென்பொருளில் இதை இட்டால் பாடல் முடியும்வரை அதுவே சுழன்று ஒலிக்கும். வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், சுருதியை மாற்றலாம். 2004ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் 'கராஜ்பேண்ட்' மென்பொருளை வெளியிட்டபோது அதனுடனேயே இத்தகைய துணுக்குகளையும் சேர்த்து வழங்கியது. இன்று கைப்பேசிச் செயலிகளிலேயே அவை கிடைக்கின்றன. 'அரபுத் தாளம்', 'சூஃபித் தாளம்', 'உலகத் தாளம்' என்றெல்லாம் பெயரிட்டுத் தொகுப்புகளாக விற்கிறார்கள். விலை கொடுத்து வாங்குவோர் உண்டு. டெலிகிராமிலும் பென் டிரைவிலும் கைமாறும் களவுப் பிரதிகளைப் பயன்படுத்துவோரே நாம் காணும் வட்டத்தில் மிகுதி.

இவர்களிடம் கேட்டால் முதலில் வரும் பதில், "இது வெறும் தஃப்தான் ஹஜ்ரத், தஃபுக்கு அனுமதி இருக்கிறதே" என்பதாகும். அனுமதி இருப்பது உண்மையே. ருபய்யிஉ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்களின் திருமணத்தின்போது சிறுமியர் தஃப் அடித்துப் பாடியதும், பெருநாள் அன்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் இரு சிறுமியர் பாடியதும் புகாரியில் பதிவாகியுள்ளன. நம் கரையோரத்தில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' நூலில் நிகாஹுக்கும் கத்னாவுக்கும் தஃப் கூடும் என்றும், பிற தருணங்களிலும் கூடும் என்பதே சரியான கருத்து என்றும் எழுதியுள்ளார்கள். இதை மறுக்க நாம் வரவில்லை.

ஆனால் இந்த அனுமதி எதற்கு, எந்த எல்லைக்குள் என்பதையும் பார்க்க வேண்டும். 'அரபுத் தாளம்' என்ற தொகுப்பைத் திறந்தால் அதில் தஃப் மட்டும் இருப்பதில்லை. தர்புகா இருக்கும், ரிக் இருக்கும், பெந்திர் இருக்கும். பல துணுக்குகளில் இவையனைத்தும் ஒன்றாகக் கலந்து ஒலிக்கும். தர்புகா தஃப் அன்று. ஒருபக்கம் தோல் போர்த்திய வட்டச் சட்டம் ஒன்று. குவளை வடிவ முரசு மற்றொன்று. தாம் பயன்படுத்துவது இன்ன கருவி என்றே அறியாதவர், அந்தக் கருவிக்கு உள்ள அனுமதியை எப்படி ஆதாரமாகக் காட்ட முடியும்? பெயரில் 'அரபு' என்றிருந்தால் மார்க்கம் அனுமதித்தது என்று பொருளாகுமா? அரபு நாட்டில் மதுவும் காய்ச்சப்பட்டது, சூதும் ஆடப்பட்டது.

ருபய்யிஉ (ரலி) அவர்களின் ஹதீஸில் இன்னொரு பாடமும் உண்டு. சிறுமியருள் ஒருத்தி, நாளை நடப்பதை அறியும் நபி எம்மிடையே இருக்கிறார் என்ற பொருள்படப் பாடியதும், அதை விட்டுவிட்டு முன்பு பாடியதையே பாடும்படி அண்ணலார் (ஸல்) திருத்தினார்கள். தஃபை நிறுத்தவில்லை, பொய்யை நிறுத்தினார்கள். கருவி ஆகுமானதாக இருந்த இடத்திலும், அதனுடன் சேர்ந்து வந்த தவறு தவறாகவே கணக்கிடப்பட்டது. ஆகவே தஃப் கூடும் என்ற ஒற்றை வாதத்தால், அதனுடன் சேர்ந்து வரும் களவும் கூடிவிடாது.

இனி அந்தக் களவைப் பார்ப்போம்.

லூப் வரலாற்றில் மிகப் புகழ்பெற்ற துணுக்கு ஒன்று உண்டு. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'தி வின்ஸ்டன்ஸ்' என்ற குழு 'அமென், பிரதர்' என்றோர் இசைத்தட்டை வெளியிட்டது. நம் மொழியில் சொன்னால் 'ஆமீன், சகோதரரே'. அதன் நடுவே கிரிகரி கோல்மன் என்ற கறுப்பின முரசுக் கலைஞர் தனியாக வாசித்த பகுதி ஏழு வினாடிகளுக்கும் குறைவானது. 1980களில் தொடங்கி இன்றுவரை ஆயிரக்கணக்கான பாடல்களிலும் விளம்பரங்களிலும் அந்த வினாடிகள் வெட்டி ஒட்டப்பட்டுள்ளன. அதைக் கொண்டு புதிய இசை வகைகளே பிறந்தன. வாசித்த கோல்மன் 2006இல் வீடற்றவராக வறுமையில் இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கும் உரிமைத்தொகை எதுவும் கிடைக்கவில்லை. 2015இல் பிரிட்டனில் இசைக்கலைஞர் சிலர் வெட்கப்பட்டு நிதி திரட்டி ஏறத்தாழ 24,000 பவுண்டு அவருக்கு அளித்தனர். தம் தாளத்தால் உலகமே பிழைத்திருக்க, தாம் பிழைக்க வழியின்றிப் போனவருக்கு அந்தத் தொகை போய்ச் சேரவில்லை.

'ஆமீன், சகோதரரே' என்ற பெயருடைய பாட்டுக்கே உலகம் செய்த சகோதரத்துவம் இது. நாம் அதே செயலைச் செய்துகொண்டு, அதன்மேல் ஸலவாத்தையும் பாடுகிறோமே, எந்த முகத்தோடு?

ஒருவரிடம் வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறுவது புகாரியின் ஹதீஸ் குத்ஸியில் வந்துள்ளது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கும்படி ஏவும் நபிமொழியை நாம் மேடைதோறும் முழங்குகிறோம். முரசறைபவருக்கும் வியர்வை உண்டு. அவர் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் இருக்கிறார் என்பதால் அவருடைய ஹக்கு நம் கழுத்திலிருந்து இறங்கிவிடாது. தொழுகை, நோன்பு, ஜகாத் யாவற்றோடும் மறுமைக்கு வந்தும், பிறர் பொருளை உண்டதால் நன்மைகளை எல்லாம் இழந்து நிற்பவனே உண்மையில் ஓட்டாண்டி என்று முஸ்லிமில் வரும் ஹதீஸ் எச்சரிக்கிறது. பெயர் தெரியாத ஒருவரின் உழைப்பை எடுத்தவன், யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பான்?

"ஒலியை எடுப்பது திருட்டாகுமா? அது கையில் பிடிக்கும் பொருளா?" என்று சிலர் வாதிடுகின்றனர். இந்தக் கேள்விக்கு அறிஞர்கள் பதில் சொல்லி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, ஆக்கியோன் உரிமை, கண்டுபிடிப்பு உரிமை, வணிகப் பெயர் போன்றவை ஷரீஅத்தால் பாதுகாக்கப்படும் உரிமைகள் என்றும், அவற்றில் அத்துமீறுவது கூடாது என்றும் தீர்மானித்தது. நம் நாட்டுச் சட்டமும் இதையே சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் கலைஞருக்கெனத் தனி உரிமையைச் சேர்த்தது. இன்று அது 50 ஆண்டுகள் நீடிக்கும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தம் பெயர் குறிப்பிடப்படவும், தம் வாசிப்பு சிதைக்கப்படுவதைத் தடுக்கவும் கலைஞருக்கு உரிமை வழங்கியது.

இங்கே நாம் நீதியோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். எல்லா லூப்களும் களவல்ல. ஒரு கலைஞர், தம் வாசிப்பு எதற்குப் பயன்படும் என்பதை அறிந்து, ஒத்துக்கொண்ட தொகையைப் பெற்று ஒரு நிறுவனத்துக்கு விற்றால் அது முறையான வியாபாரம். அந்நிறுவனத்திடம் விலை கொடுத்து வாங்கி, அது விதித்த நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்துபவர் மீது இந்த வகையில் குற்றமில்லை. 'ராயல்டி ஃப்ரீ' என்பதன் பொருள், ஒருமுறை உரிமம் பெற்றபின் பாடல்தோறும் தொகை செலுத்த வேண்டியதில்லை என்பதே. 'எவரும் சும்மா எடுத்துக்கொள்ளலாம்' என்பது அதன் பொருளன்று. அந்தச் சொல்லைத் தெரிந்தே தவறாகப் பொருள்கொள்வோர், அளவையில் மோசடி செய்வோரைப் பற்றிய முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை ஒருமுறை பொருளுணர்ந்து ஓதட்டும்.

களவைவிடவும் நம் உள்ளத்தைச் சுடும் மற்றொரு விஷயமும் இதில் உண்டு. இத்தொகுப்புகளில் தாளத்தோடு மனிதக் குரல்களும் வருகின்றன. 'அரபுக் குரல்' என்ற தலைப்பில் இருப்பது பாங்காக இருக்கலாம், திக்ராக இருக்கலாம், குர்ஆன் ஓதலாகவே இருக்கலாம். 1981இல் பிரையன் ஈனோ, டேவிட் பைர்ன் இருவரும் வெளியிட்ட இசைத்தொகுப்பொன்றில் அல்ஜீரிய முஸ்லிம்களின் குர்ஆன் ஓதல் தாளத்தோடு கலக்கப்பட்டிருந்தது. பிரிட்டனிலிருந்த இஸ்லாமிய அமைப்பொன்று ஆட்சேபித்தபின் அது நீக்கப்பட்டது. 2020 அக்டோபரில் பாடகி ரிஹானாவின் உள்ளாடைக் கண்காட்சியில் ஒலித்த பாட்டில், மறுமையின் அடையாளங்களைப் பற்றிய ஹதீஸ் ஒன்று வெட்டி ஒட்டப்பட்டிருந்தது. உலக முஸ்லிம்கள் கொதித்தெழவே அவர் மன்னிப்புக் கேட்டார். பாட்டை உருவாக்கியவரும், அக்குரலின் பொருள் தமக்குத் தெரியாது என்று கூறி மன்னிப்புக் கேட்டார். அன்று நாமும் கொதித்தோம். ஆனால் அவர்களுக்கு அரபு தெரியாது என்ற சாக்காவது இருந்தது. மத்ரஸாவில் ஓதிய நம் பிள்ளைகள், 'அல்லாஹ்' என்னும் திருநாமத்தை நான்கு தாளத்துக்கு ஒருமுறை சுழலும் துணுக்காக்கி மாப்பிள்ளை ஊர்வலத்து ஒலிபெருக்கியில் விடும்போது, அவர்களுக்கு எந்தச் சாக்கு இருக்கிறது?

நம் சகோதரர்கள் சிலர் வேறொரு பக்கத்திலிருந்து கேட்பார்கள்: "இசையே ஹராம். அதில் நியாயமான ஹராம், அநியாயமான ஹராம் என்று எதற்குப் பிரிக்கிறீர்கள்?" இசைக்கருவிகளை ஹலாலாக்கிக்கொள்ளும் கூட்டத்தைக் கண்டிக்கும் ஹதீஸ் புகாரியில் இருப்பதை நாம் அறிவோம், அதன் அடிப்படையில் பெரும்பான்மை இமாம்கள் கொண்ட நிலையையும் மதிக்கிறோம். ஆயினும் ஒருவன் ஒரு பாவத்தில் இருப்பதால் அவன் செய்யும் இன்னொரு அநீதியைக் கண்டுகொள்ளாமல் விடலாம் என்று எந்த இமாமும் சொல்லவில்லை. அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலான பாவம் தவ்பாவால் நீங்கும். அடியானுக்கு அடியான் செய்த அநீதியோ, உரியவருக்கு உரியதைக் கொடுக்காமல் நீங்காது. அப்படியிருக்க, இரண்டாவதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத மேடைகள் ஏன்?

இன்னொரு சாக்கு ஏழ்மை. "பணம் கொடுத்து வாங்க எங்களுக்கு வசதியில்லை." வசதியில்லாதவருக்குப் பாடல் வெளியிடுவது ஃபர்ளாக்கப்படவில்லை. தாளமின்றிக் குரலால் மட்டும் பாடலாம். நம் மவ்லிதும் பைத்தும் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் ஓதப்பட்டு வருகின்றன. தாளம் வேண்டுமென்றால், கோட்டுச்சேரியிலிருந்து பேருந்தேறினால் காரைக்காலைத் தாண்டி நாகூர் எவ்வளவு தூரம்? தப்ஸ் அடித்துப் பாடும் பக்கீர்மார்கள் அங்கே இன்றும் இருக்கிறார்கள். ரமலானில் ஸஹர் வேளையில் தெருத்தெருவாகத் தப்ஸ் தட்டி எழுப்பியவர்கள் அவர்கள். கடற்காற்றின் ஈரத்தில் தோல் தொய்ந்தால் நெருப்பில் காட்டி விறைப்பேற்றி வாசிப்பார்கள். அந்தக் கையும் அந்தத் தோலும் நமக்குப் பக்கத்திலேயே இருக்க, யாரோ எங்கோ வாசித்ததைத் திருடி, அதற்கு 'சூஃபித் தாளம்' என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம். ஊர்வலத்துக்கு ஒலிபெருக்கிப் பெட்டி வந்தபின் அவர்களை அழைப்போர் குறைந்துவிட்டனர். பெட்டிக்கு வாடகை கொடுக்க நம்மிடம் பணம் இருக்கிறது.

நேரிய வழி இயலாத காரியமன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடியபின், சென்னையைச் சேர்ந்த 'எர்த்சிங்க்' நிறுவனம் பேரலை தாக்கிய இந்தியா, இலங்கை, மாலத்தீவு, இந்தோனேசியா, தாய்லாந்து, மியான்மர் ஆகிய ஆறு நாடுகளுக்கும் சென்று, அந்தந்த ஊர் மக்களின் பாட்டையும் தாளத்தையும் பதிவுசெய்து 'லயா புராஜெக்ட்' என்ற பெயரில் வெளியிட்டது. பின்னர் நாகூர் தர்காவின் பாடகர்களைக் கொண்டே 'நாகூர் செஷன்ஸ்' என்ற தொகுப்பையும் கொண்டுவந்தது. அவற்றில் சேர்க்கப்பட்ட நவீன இசையைப் பற்றி மார்க்க அடிப்படையில் நமக்கு மாற்றுக் கருத்துகள் உண்டு. ஆனால் அவர்கள் கலைஞர் இருந்த இடத்துக்குச் சென்றார்கள், நேரில் கேட்டார்கள், நாகூர்ப் பாடகர்கள் தம் பெயர்களோடு உலகறிய வெளிவந்தார்கள். மார்க்கத்தின் பெயரால் பாடல் வெளியிடும் நம்மவர் இந்தக் குறைந்தபட்ச ஒழுக்கத்திலும் பின்தங்கி நிற்பது வெட்கக்கேடு.

ஆகவே நம் ஜமாஅத்துகளிடமும், மீலாது விழாக் குழுக்களிடமும், பாடல் வெளியிடும் இளைஞர்களிடமும் நாம் கேட்பவை இவையே. பாடலை மேடையேற்றுமுன், இந்தத் தாளத்தை வாசித்தவர் யார், எவ்வழியாக வந்தது, உரிமம் உண்டா என்று வினவுங்கள். விடை இல்லையெனில் அந்தப் பாடலுக்கு மேடை தராதீர்கள். களவு மென்பொருளும் களவுத் தொகுப்பும் கணினியில் இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். அவற்றால் ஈட்டிய பணத்தை உரியவரிடம் சேர்க்க இயலாவிட்டால், அவர் சார்பில் தர்மமாகக் கொடுத்துவிடுமாறு நம் ஃபுகஹாக்கள் வழிகாட்டியுள்ளனர். பாங்கு, குர்ஆன், திக்ரு ஆகியவற்றின் ஒலியைத் துணுக்காக்கித் தாளத்தில் பூட்டுவதை அறவே விட்டுவிடுங்கள். நிகாஹில் தஃப் ஒலிக்க வேண்டுமென விரும்பினால், வாசிக்கும் மனிதரை அழைத்து, கூலியை முன்கூட்டியே பேசி, விருந்தில் அமரவைத்து உணவளித்து, அன்றே கொடுத்தனுப்புங்கள்.

ஹலாலான உணவுக்காக இறைச்சிக் கடையில் ஆயிரம் கேள்வி கேட்கும் சமுதாயம் நாம். காதில் விழும் தாளத்துக்கு ஒரு கேள்வியாவது கேட்கக்கூடாதா?

பிறர் ஹக்கைச் சுமந்தபடி தன்னைச் சந்திக்கும் இழிநிலையிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும், நம் பிள்ளைகளையும் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.