எந்தத் தெருவில் குடியிருப்பது?

ஏழைகளுக்குத் தொண்டு செய்யவோ படிப்புச் சொல்லவோ புறப்படுகின்றவர் எங்கே குடியிருக்க வேண்டும்? அவர்கள் தெருவிலேதான் என்கின்றோம் நாம்.

அயர்லாந்தில் பிறந்த ஆமி கார்மைக்கேல் அம்மையார் முதலில் பெல்பாஸ்ட் நகரத்து ஆலைப் பெண்களிடையே வேலை செய்தார். பிறகு மான்செஸ்டரில் பூச்சிகள் நெளியும் ஏழைச் சந்தில் குடியிருந்தார். 1893-இல் ஜப்பானுக்குப் போய் அந்நாட்டு உடை உடுத்தினார். 1895-இல் இந்தியாவுக்கு வந்து, தமிழ் கற்று, நமது திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களில் வசித்தார்.

பலன் என்ன? 1901-இல், கோயிலுக்கு விடப்பட்டிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பியோடி, பண்ணைவிளையில் அவரிடம் வந்து சேர்ந்தாள். 'பிள்ளை பிடிக்கும் அம்மாள்' என்று பயமுறுத்தி வைத்திருந்தும் வந்தாள்! சுற்றிலும் இருந்த சாஸ்திரிகள், மிராசுதார்கள் வீட்டுக் கதவுகள் அவளுக்கு ஏன் பயன்படவில்லை? பின்னர் டோனாவூரில் அத்தகைய குழந்தைகளுக்கு இல்லமே ஏற்பட்டது. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டமோ சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் வந்தது.

அம்மையார் மதம் பரப்ப வந்தவர். அது நமக்குச் சம்மதமில்லை. ஆனால் இந்தியா வந்தபின் 1951-இல் இறக்கும்வரை தாய்நாடு திரும்பாத அந்தத் துணிவு நம்மவருக்கு ஏன் இல்லை?

சேரிப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களில் எத்தனை பேர் மணியடித்ததும் டவுனுக்குப் பஸ் ஏறாமல் அங்கேயே தங்குகிறார்கள்? ராத்திரியில் ஆபத்தென்றால் அந்தப் பிள்ளை யார் கதவைத் தட்டும்?

தோழர்களே! மேடைப் பிரசங்கம் போதும். சேரியில் ஒரு வீடு வாடகைக்குப் பிடியுங்கள். சாதி ஒழிப்பைப் பற்றிப் பேசும் யோக்கியதை அப்புறம் தானே வரும்.