யாருக்காகச் செய்கிறாய்?

சென்ற ஆண்டு புரட்டாசி முதல் வாரத்தில் எங்கள் ஒரே மகள் மேற்படிப்புக்காக ஜெர்மனி புறப்பட்டாள். திருமணமாகி ஏழு ஆண்டுகள் கழித்து, பெருமாளை வேண்டிப் பெற்ற பிள்ளை. விமான நிலையத்தில் கண்ணீர் சிந்தாத என் மனைவி, வீடு திரும்பியதும் வாசலில் கிடந்த அவளுடைய பழைய செருப்பைக் கண்டு அங்கேயே அமர்ந்துவிட்டார்.

அதன்பின் சமையல் வெறும் கடமையாயிற்று. ஒரு ரசம், ஒரு பொரியல், அவ்வளவே. ஆண்டு தவறாமல் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் மாவிளக்கு ஏற்றும் கைகள், முதல் இரண்டு சனிக்கிழமைகளிலும் கற்பூரம் காட்டியதோடு நின்றுவிட்டன. 37 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவன் நான். கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். எதிரே அமர்ந்திருப்பவரின் மனத்தில் குறைந்தது எதுவென்று காணத் தெரியவில்லை. "பிள்ளை நல்லதற்குத்தானே போயிருக்கிறாள்?" என்று இரண்டொரு முறை சொன்னேன். அது ஆறுதல் அன்று, வாயடைப்பு என்பது பின்னரே புரிந்தது.

மூன்றாம் சனிக்கிழமை. மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிய ஓவன் சமையலறை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. என் மனைவி அதுவரை அதைத் தொட்டதில்லை. அன்று துணியை விலக்கினார். குளிர்பதனப் பெட்டிக் கதவில் மகள் தன் கையால் எழுதி ஒட்டியிருந்த ரவை கேக் செய்முறையைப் பார்த்துப் பார்த்துக் கலக்கினார். ஒன்றரைக் கோப்பை ரவை, ஒரு கோப்பை தயிர், முக்கால் கோப்பை சர்க்கரை, அரைக் கோப்பை எண்ணெய். அரைமணி ஊறிய பின் ஏலப்பொடியும் பேக்கிங் பவுடரும். 180 டிகிரியில் 35 நிமிடம். முட்டை கிடையாது.

"நம் இருவருக்கும் சர்க்கரை நோய். யாருக்காகச் செய்கிறாய்?" என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. ஓவனுக்கு எதிரே மணையைப் போட்டு அமர்ந்து, கண்ணாடிக்குள் மாவு எழும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் பதினைந்து நாட்களாக எங்கள் வீட்டில் இல்லாத மணம் கூடம் வரை வந்தது.

அடிப்பாகம் கருகியிருந்தது. அதை நறுக்கி நீக்கிவிட்டுத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "என்னங்க, இதைப் பெருமாளுக்கு வைக்கலாமா?" என்றார்.

தயங்கினேன். கோயில் மடைப்பள்ளிக்கு ஆகம விதிகள் உண்டு. வீட்டுக்கும் வழக்கம் என்று ஒன்று உண்டு. அவ்வேளையில் கல்லணையை அடுத்த கோவிலடி நினைவுக்கு வந்தது. நம்மாழ்வார் உள்ளிட்ட நால்வர் பாடிய திருப்பேர்நகர் அது. துர்வாசரின் சாபம் பெற்ற மன்னன், அது நீங்க அன்னதானம் செய்துவந்தான். ஒருநாள் முதியவர் ஒருவர் வந்து, சமைத்த அனைத்தையும் உண்டு, இன்னும் ஒரு குடம் அப்பம் வேண்டும் என்றார். கொடுத்தான், சாபம் நீங்கியது. வந்தவர் பெருமாளே என்கிறது தலவரலாறு. அப்பக்குடத்தான் என்னும் திருநாமத்துடன் பள்ளிகொண்டிருக்கும் அவருக்கு இன்றும் இரவில் அப்பம் அமுது செய்யப்படுகிறது.

அண்டம் காப்பவனுக்கு ஒரு குடம் அப்பத்தால் ஆகவேண்டியது என்ன? கேட்டவருக்கா தேவை இருந்தது? கொடுத்தவனுக்குத்தானே விமோசனம் கிடைத்தது!

"வை" என்றேன்.

அன்று இன்னொன்றும் உறுத்தியது. 1983-இல் முதல் நியமனம் பெற்று நான் வடநாடு சென்றபோது, என் அம்மா அரிசியும் பாசிப்பயறும் வறுத்து, ஏந்திரத்தில் திரித்து, சுடச்சுட வெல்லப்பாகு விட்டுப் பொரிவிளங்காய் உருண்டை பிடித்துக் கொடுத்தார். உள்ளங்கை சிவந்திருந்தது நினைவில் இருக்கிறது. நான் போனபின் அவர் என்ன செய்தார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் தங்கையைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். "ஒரு மாதம் வாரா வாரம் உருண்டை பிடித்துத் தெருவெல்லாம் கொடுத்தாங்க அண்ணா. யாருக்கு இவ்வளவுன்னு அப்பாகூடக் கோபிச்சார்" என்றாள். அம்மா மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. என் கேள்வி புதியதன்று. வழிவழியாக வந்தது போலும்.

கேக்கில் பாதி அடுத்த வீட்டுக் குழந்தைகளுக்கும், மீதி பூக்காரம்மாவுக்கும் போயிற்று. இரவு எட்டு மணி. அங்கே மாலை நாலரை. கைப்பேசித் திரையில் மகள், "அடி கருகிடுச்சாம்மா? கீழ்த்தட்டில் வச்சிருப்பே. நடுத்தட்டில் வைக்கணும்" என்றாள். என் மனைவி சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். விமான நிலையத்தில் வராத கண்ணீர் அது. இம்முறை நான் ஒன்றும் சொல்லாமல் அருகில் அமர்ந்திருந்தேன்.

நான்காம் சனிக்கிழமை எங்கள் வீட்டில் மாவிளக்கு ஏற்றப்பட்டது.

அன்பர்களே, பிள்ளைகளை அனுப்பிவிட்ட வீடுகள் இன்று நம் தெருவெங்கும் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் ஒருவர், உண்ண ஆளில்லாத நாளில் அடுப்பைப் பற்றவைத்து எதையோ செய்யக்கூடும். யாருக்காக என்று கேட்காதீர்கள். ஒரு சிறு துண்டு கேளுங்கள்.