பதிவேட்டில் பெயர் இல்லையென்றால் பந்தும் இல்லையா?

1988 பிப்ரவரியில் ஆசாத் மைதானத்தில் டெண்டுல்கரும் காம்ப்ளியும் பிரியாமல் 664 ஓட்டங்கள் குவித்தார்களே, அது பள்ளிகள் மோதும் ஹாரிஸ் கேடயப் போட்டி. டெண்டுல்கர் பாந்திராப் பள்ளியை விட்டு சாரதாசிரமத்தில் சேர்ந்ததே கிரிக்கெட்டுக்காகத்தான். பம்பாயில் விளையாட்டுக்குப் பள்ளி அணியே வாசல்.

உல்லாஸ்நகரில் பகலில் பட்டறைக்குப் போகும் 16 வயதுப் பையனும், தம்பி தங்கையைக் கவனிக்க வீட்டோடு நின்ற பெண்ணும், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியே பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதலாம். படிப்புக்கு வழி உண்டு, விளையாட்டுக்கு? அவர்கள் எந்தப் பள்ளியின் பெயரில் ஆடுவது?

"வகுப்புக்கு வராதவனுக்கு இடமா? தினமும் வருகிறவன் என்ன ஆவான்?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாம் இடத்தைக் கேட்கவில்லை. போட்டியிட்டு இடம்பிடிக்கும் வாய்ப்பைக் கேட்கிறோம். வயதுச் சான்றும் பரீட்சைப் பதிவும் காட்டச் சொல்லுங்கள்; திறமையில் தோற்றால் திரும்பி வருகிறோம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த உரிமையை 1996-லேயே சட்டமாக்கியது.

மாநகராட்சிப் பள்ளி நம் வரிப்பணத்திலும் நடப்பது. வறுமை வகுப்பறையைப் பறித்தது போதும். மைதானத்தையும் பறிக்க விடலாமா? பெற்றோரே, மனுவில் கையெழுத்திடுங்கள். மாநகராட்சிக்குச் சேர்ந்தே போவோம்.