குட்டியை விற்குமுன் ஓர் எக்ஸ்ரே
தமிழ்நாடு விலங்குகள் நல வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்



எங்கள் வீடு திருவொற்றியூரில் இரண்டாவது மாடியில் இருக்கிறது. ஏழு மாதக் குட்டியாக இருந்தபோது எங்கள் லாப்ரடார் படியேறும்போது பின்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போலத் தாவியது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், நாங்களும் சிரித்தோம். பிறகு படுத்த இடத்திலிருந்து எழவே நேரமெடுத்தது. டைல்ஸ் தரையில் பின்னங்கால்கள் விலகி வழுக்கின. நடக்கையில் இடுப்பு இருபுறமும் ஆடியது. "கால்சியம் பத்தலை" என்றார்கள் தெரிந்தவர்கள். டானிக் வாங்கி ஊற்றினோம். கடைசியில் எக்ஸ்ரே எடுத்த அன்றுதான் அந்த நோயின் பெயரையே கேள்விப்பட்டோம்: ஹிப் டிஸ்பிளேசியா.

தொடை எலும்பின் தலை ஒரு பந்து. இடுப்பெலும்பில் அதற்கென ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்தில் கச்சிதமாக உட்கார்ந்தால் கால் இயல்பாக இயங்கும். இந்த நோய் வரப்போகிற குட்டியும் பிறக்கும்போது சரியான மூட்டோடுதான் பிறக்கிறது. வேகமாக வளரும் மாதங்களில் மூட்டு தளர்கிறது. பந்து கிண்ணத்தின் விளிம்பில் உரசுகிறது, குருத்தெலும்பு தேய்கிறது, பின்னால் மூட்டுவாதம் வந்து ஆயுள் முழுக்கத் தங்கிவிடுகிறது. ஜெர்மன் ஷெப்பர்ட், லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், ராட்வீலர், செயின்ட் பெர்னார்ட் போன்ற பெரிய இனங்களில் இது அதிகம். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல்லி இதை 1935-லேயே எழுதிவைத்தார். தொண்ணூறு ஆண்டுகளாகத் தெரிந்த நோய் இது.

பல மரபணுக்கள் சேர்ந்து தாய் தகப்பன் வழியாகக் கொண்டுவரும் நோய். எவ்வளவு கடுமையாகும் என்பதில் தீனிக்கும் எடைக்கும் தரைக்கும் பங்குண்டு. அந்தப் பங்கை மட்டும்தான் வளர்க்கிறவரால் கட்டுப்படுத்த முடியும். எங்களைப்போல் தடுமாறும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் நாங்கள் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் எடை. அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்கு வழக்கமான தீனியும் மற்றதற்கு அதில் கால்வாசி குறைவாகவும் கொடுத்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. குறைவாக உண்டவை ஏறத்தாழ இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுவாதமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பாசத்தில் கூடுதலாக வைக்கும் ஒவ்வொரு பிடிச் சோறும் அந்த இடுப்பின் மேல்தான் ஏறுகிறது. விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

கால்சியம் டானிக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய இனக் குட்டிக்கு மருத்துவர் சொல்லாமல் ஊற்றும் கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். உடலுக்கு வேண்டாத மிகையைத் தள்ளிவிடும் திறன் இளங்குட்டிக்குக் கிடையாது. நாங்கள் செய்த பெரிய தவறு இது.

வழுக்கும் தரையில் ரப்பர் பாயோ கோணியோ விரிக்கலாம். படியிறங்கும்போது துண்டை வயிற்றுக்கடியில் கொடுத்துத் தூக்கிப் பிடிக்கலாம். ஒரே மூச்சில் நெடுந்தூரம் நடத்தாமல் சிறிது சிறிதாக நடத்தலாம். வலிக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரை உண்டு. வீட்டில் நமக்கு வாங்கி வைத்திருக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் நாய்க்கு விஷம். கடுமையாகிவிட்டால் தொடை எலும்பின் தலையை அகற்றும் அறுவைச் சிகிச்சையும், செயற்கை மூட்டு பொருத்தும் சிகிச்சையும் இருக்கின்றன. மூட்டு தேயுமுன் செய்யவேண்டிய சிகிச்சைகளோ குட்டிப் பருவத்தில் சில மாதங்களுக்குள் முடிந்தாக வேண்டும். நோயின் பெயரே ஏழாம் மாதத்துக்குப் பிறகுதான் தெரிகிறது என்றால், அந்த வாசல் பெரும்பாலும் அடைபட்டிருக்கும்.

வடசென்னையில் இந்த நோய்க்குக் கூடுதல் சுமையும் உண்டு. நார்வேயில் குட்டிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு, பிறந்த முதல் மூன்று மாதங்களில் படியேறி இறங்கியவற்றுக்கு நோய் வர வாய்ப்பு அதிகம் என்றும், மேடுபள்ளமான மெத்தென்ற தரையில் கட்டவிழ்த்து ஓடியாடியவற்றுக்குக் குறைவு என்றும் கண்டது. எங்கள் குட்டிகள் மெத்தென்ற தரைக்கு எங்கே போகும்? துறைமுகம் கட்டிய நாளிலிருந்து மணல் தெற்கே மெரினாவில் சேர்ந்தது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்றது. திருவொற்றியூரில் இன்று கடலுக்கும் சாலைக்கும் நடுவே நிற்பது கருங்கல் குவியல். வீட்டுக்குள் டைல்ஸ், வாசலில் படி, தெருவில் கண்டெய்னர் லாரி. கண்டெய்னர் யார்டுகளிலும் குடோன்களிலும் காவலுக்குச் சிமெண்டுத் தரையில் சங்கிலியில் கிடக்கும் ஷெப்பர்டும் ராட்வீலரும் நொண்டினால் கவனிக்க ஆளில்லை. காவலுக்கு உதவாது என்று ஆனதும் அவிழ்த்துவிடப்படும். துன்பத்துக்குள்ளாகும்படி விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதைச் சொல்ல அங்கே யாரும் வருவதில்லை.

எடையைக் குறைக்கலாம், கோணி விரிக்கலாம், மாத்திரை கொடுக்கலாம். தளர்ந்த மூட்டை இறுக்க இவற்றில் எதனாலும் ஆகாது. நோயைத் தடுக்கவேண்டிய இடம் குட்டி போடும் இடம். அந்த இடத்தின் சாவி வாரியத்திடம் இருக்கிறது.

2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி, குட்டி விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்தாக வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் ஆகாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது. நல்ல விதிகள். ஆனால் இந்த நோயுள்ள நாய்கூட இரண்டு வயதில் ஓடலாம், குதிக்கலாம், பார்வைக்கு நலமாகவே இருக்கலாம். எக்ஸ்ரே ஒன்றுதான் உள்ளதைக் காட்டும். நாம் குட்டி வாங்கும்போது "பேப்பர் இருக்கா?" என்றுதான் கேட்கிறோம். கென்னல் கிளப் பேப்பர் குட்டி இன்ன வம்சம் என்று சொல்லும். அந்த வம்சத்தின் இடுப்பு எப்படி என்று சொல்லாது.

அமெரிக்காவில் இதற்கெனவே ஓர் அறக்கட்டளை 1966 முதல் இடுப்புப் படங்களைப் பார்த்துத் தரம் பிரிக்கிறது. இரண்டு வயது நிறைந்த நாய்க்குத்தான் இறுதிச் சான்று. பிரிட்டனில் மதிப்பெண் முறை இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களை வளர்க்கும் ஓர் அமெரிக்க நிறுவனம், நல்ல மூட்டுள்ளவற்றையே இணைசேர்த்து, ஐந்து தலைமுறைக்குள் ஜெர்மன் ஷெப்பர்டுகளில் நோயுள்ளவற்றை நூற்றுக்கு 55-இலிருந்து 24-ஆகவும், லாப்ரடார்களில் 30-இலிருந்து 10-ஆகவும் குறைத்துக் காட்டியது. மருந்தும் கத்தியும் இல்லாமல், பொறுக்கி இணைசேர்த்தே கிடைத்த பலன் இது.

ஆகவே வாரியத்திடம் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: பெரிய இனங்களை வளர்த்து விற்பவருக்குப் பதிவு தரும்போதும் புதுப்பிக்கும்போதும், தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு எக்ஸ்ரேயும் அதற்கான மருத்துவரின் தரச் சான்றும் கட்டாயமாகட்டும். இவற்றுக்கு மட்டும் பதினெட்டு மாதம் என்பது இரண்டு ஆண்டாகட்டும்.

இரண்டு: அந்தப் படத்தில் நாயின் மைக்ரோசிப் எண் பதிந்திருக்கட்டும். அப்போதுதான் ஒரு நல்ல நாயின் படத்தை நூறு நாய்க்குக் காட்ட முடியாது. குட்டி வாங்குபவர் கையில் தரும் ரசீதில் தாய் தகப்பனின் தரமும் எழுதப்படட்டும்.

மூன்று: கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் எங்கள் மாதவரத்தில்தான் இருக்கிறது. வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அவர்களோடு கைகோத்து, மாதம் ஒருநாள் வடசென்னையில் குறைந்த கட்டணத்தில் இடுப்பு எக்ஸ்ரே முகாம் நடத்துங்கள். மாநகராட்சியில் செல்லப்பிராணி உரிமம் பெறும் ஒவ்வொருவர் கையிலும் இந்த நோயைப் பற்றித் தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை கொடுக்கச் செய்யுங்கள்.

செலவு என்று விற்பவர்கள் சொல்லக்கூடும். ஓர் ஈற்றில் லாப்ரடார் ஆறேழு குட்டி போடும். தாய் தகப்பன் இரண்டுக்கும் படமெடுக்கும் செலவு அதில் ஒரு குட்டியின் விலையைத் தாண்டாது. படமெடுக்காமல் விட்டால் அந்தச் செலவு ஆறேழு வீட்டின் தலையில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு விழுகிறது. வலி நாயின் தலையில் விழுகிறது.

இதைப் படிக்கும் அன்பர்களே, வாரியம் ஆணையிடும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை பெரிய இனக் குட்டியைக் கையில் தூக்குமுன், அதன் தாய் தகப்பனின் இடுப்புப் படத்தைக் கேளுங்கள். காட்டாதவரிடம் வாங்காதீர்கள்.

எங்கள் நாய் இப்போதும் மாலையில் படிக்கட்டின் மேல் வந்து நிற்கிறது. நான் துண்டை எடுத்து வரும்வரை அது ஒரு படிகூட இறங்குவதில்லை.

இப்படிக்கு,
திருவொற்றியூர்வாசி ஒருவர்