பழுது ஓரிடம், பழி ஓரிடமா?

கணிப்பொறியின் ஆணைவழி மரம் குடையும் பொறியைப் பட்டறையார் 'சி.என்.சி. இரௌட்டர்' என்பர். அதன் வெட்டலகைச் சுழற்றும் 'இசுபிண்டிலை' நாம் சுழல்தண்டு என்போம். குடைவின் ஆழம் பிறழ்ந்த அளவிலேயே தண்டு கெட்டதென்றும், இயக்கியவனே கெடுத்தானென்றும் முடிவு கட்டுவது முறையன்று.

ஆழம் பிறழும் வகையே பழுதின் இடத்தைக் காட்டும். ஓரிடம் ஆழ்ந்தும் ஓரிடம் மேடுற்றும் இருப்பின், பலகையோ அதனைத் தாங்கும் படுகையோ மட்டமாக இல்லை. பலகை முழுதும் ஒரே அளவாகப் பிழைப்பின், அலகின் நுனி பலகையைத் தொடும் தொடக்கநிலை பெரும்பாலும் பிழையாகக் குறிக்கப்பட்டிருக்கும். வெட்ட வெட்ட ஆழம் மிகுமாயின், கவ்வியினின்று அலகு நழுவுகின்றதோ என்று பார்க்க. மரத்தூளை மேலேற்றும் திருகலகு, வெட்டுகையில் தானும் கீழ்நோக்கி இழுபடும். கவ்வியிலுள்ள தூளைத் துடைத்து இறுக்குக. தேய்ந்த கவ்வியை மாற்றுக.

தண்டையும் ஆராய்ந்தே ஐயுறல் வேண்டும். இருமுனை மின்னோடிக்கு 400 எர்ட்சு அலைவெண் தந்தால் நிமையத்திற்கு ஏறத்தாழ 24,000 சுற்று. 300 தந்தால் 18,000. சுற்றுக் குறைந்தால் முதற்கண் அலைவெண் மாற்றியின் அமைப்பைப் பார்க்க. மின்னைத் துண்டித்துக் கையால் சுழற்றுகையில் கரகரத்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ, உருள்தாங்கி தேய்ந்ததென்க. கழற்றுதற்குரிய காலம் அதுவே.

ஆராயாது கழற்றினால் நல்ல தண்டும் கெடும். வேலை நின்ற நாளின் இழப்போ கூலியாளன் தலையில் விழும். பட்டறை உரிமையாளரே, பழி சொல்லுமுன் ஆழத்தைப் பலவிடத்தும் அளந்து பாருங்கள்! அளவுகோல் ஆள்பார்த்துப் பேசாது.